ரெஸ்யூமை யார் கையில் கொடுப்பது? கன்சல்டன்சி, ஜாப் போர்ட்டல், நேரடி விண்ணப்பம்: ஒரு ஒப்பீடு

“என் ரெஸ்யூம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?”

ஆள் எடுத்துத் தரும் ஒரு கன்சல்டன்சியில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு பெண் போனில் கேட்ட கேள்வி இது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆபீஸில் இருந்தார், மேலாளர் பக்கத்து இருக்கையில். என் முன்னால் திறந்திருந்த எக்செல் ஷீட்டில் அவருடைய பெயர், போன் எண், பிறந்த தேதி, வாங்கும் சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம் எல்லாம் இருந்தன. ‘எங்கிருந்து வந்தது’ என்ற கட்டத்தில் மட்டும் ‘பழைய டேட்டா’ என்று போட்டிருந்தது. அதற்கு மேல் எனக்கும் எதுவும் தெரியாது. “எங்க டேட்டாபேஸ்ல இருக்குங்க” என்றேன். “நான் உங்களுக்கு அனுப்பவே இல்லையே” என்றார். மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த வரிசையை அழித்தேன். அடுத்த வாரம் பக்கத்து மேஜைக்காரரின் ஷீட்டில் அதே பெயர், அதே எண், அதே சம்பளத்தோடு இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது இன்னும் எனக்கு உறுத்துகிறது. வேலை தேடும்போது எந்த வழியில் சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று எல்லாரும் பார்க்கிறோம். கொடுத்த விவரம் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் வழிக்கு வழி இதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நான் நாலு விஷயங்களை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்: ரெஸ்யூமை யார் பார்க்கிறார்கள், யாருக்குக் கைமாறுகிறது, எத்தனை காலம் வைத்திருக்கிறார்கள், அழிக்கச் சொன்னால் உண்மையிலேயே அழிகிறதா.

ரெஸ்யூமில் அப்படி என்ன ரகசியம் என்று சிலர் கேட்பார்கள். 2007 ஆகஸ்ட்டில் மான்ஸ்டர் வேலைவாய்ப்புத் தளத்தில் நடந்ததைப் பாருங்கள். ஆள் எடுக்கும் நிறுவனங்களின் லாகின்களைத் திருடியவர்கள் அவற்றை வைத்தே உள்ளே போய், சுமார் 13 லட்சம் பேரின் பெயர், முகவரி, போன் எண், மின்னஞ்சல் ஆகியவற்றை எடுத்தார்கள். அப்புறம் தளமே அனுப்புவது போல அந்த ஆட்களுக்குப் போலி மின்னஞ்சல் போனது. வேலைக்காகக் காத்திருப்பவர் அப்படி ஒரு அஞ்சலைத் திறக்காமல் இருப்பாரா? திருடர்களுக்கு வேண்டியிருந்தது அந்த எதிர்பார்ப்புதான்.

நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்புவது

நாலு கேள்விக்கும் ஓரளவு தெளிவான பதில் கிடைக்கும் வழி இது. ரெஸ்யூம் யாரிடம் இருக்கிறது என்று தெரியும், அழிக்கச் சொல்ல ஒரு முகவரி இருக்கும், பொறுப்பு ஒரே இடத்தில் நிற்கும்.

எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல், தேர்வாகாதவரின் ரெஸ்யூமைக் கடைசித் தொடர்புக்குப் பிறகு அதிகபட்சம் 2 ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஜெர்மனியில் பாகுபாடு காட்டியதாக யாராவது வழக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சுமார் 6 மாதம் வைத்துவிட்டு அழிப்பது பரவலான வழக்கம். விண்ணப்பப் படிவத்தின் கடைசியில் ‘எதிர்கால வாய்ப்புகளுக்காக என் விவரங்களை வைத்திருக்கலாம்’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் கணக்கு மாறிவிடும். வேண்டுமென்றால் செய்யுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள்.

இதிலும் ஒரு மூன்றாவது ஆள் உண்டு. நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கம் பெரும்பாலும் இன்னொரு கம்பெனியின் மென்பொருளில்தான் ஓடுகிறது. 2018-இல் ஆஸ்திரேலியாவின் பேஜ்அப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ ஊடுருவினார்கள். அதைப் பயன்படுத்திய பல நிறுவனங்கள் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கங்களையே தற்காலிகமாக மூடிவைக்க வேண்டி வந்தது. நேரடியாக அனுப்பினாலும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது, ஆனால் யாரைக் கேட்பது என்ற குழப்பம் இருக்காது.

வீடியோ நேர்காணலைப் பதிவு செய்து கணினியை வைத்து மதிப்பிடும் நிறுவனங்களும் இருக்கின்றன. முகமும் குரலும் தனிப்பட்ட விவரம்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2020 முதல் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மதிப்பிடப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், விண்ணப்பித்தவர் கேட்டால் 30 நாளில் வீடியோவை அழிக்க வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடத்திலும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கலாம்.

கன்சல்டன்சி

இங்கேதான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு தொழில்கள் நடக்கின்றன.

முதல் வகையில் ஒரு காலியிடத்துக்கு நாலைந்து கன்சல்டன்சிகள் ஒரே நேரத்தில் ஆள் தேடும். யார் அனுப்பியவர் வேலையில் சேருகிறாரோ அவர்களுக்கு மட்டும் பணம். அந்தப் பணத்தைக் கொடுப்பது வேலை தரும் நிறுவனம், அதுவும் பொதுவாக முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்காக. ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சி அனுப்பினால், முதலில் வந்த ரெஸ்யூமுக்குத்தான் மதிப்பு. அப்படியானால் என்ன நடக்கும்? உங்களைக் கேட்டுவிட்டு அனுப்புவதற்குள் பக்கத்து கன்சல்டன்சி அனுப்பிவிடும். அதனால் முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் போன் பண்ணுவார்கள். பண்ணாமலும் விடுவார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை அவசரத்தில் நடந்தவை. கெட்ட எண்ணம் உள்ளவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. பணம் கைக்கு வரும் விதமே அந்த அவசரத்தை உண்டாக்குகிறது.

இதன் விளைவை நானே அனுபவித்திருக்கிறேன். அந்த வேலைக்குப் போவதற்கு முன் நானும் வேலை தேடி இரண்டு கன்சல்டன்சிகளுக்கு ரெஸ்யூம் கொடுத்திருந்தேன். எனக்குப் பிடித்த ஒரு நிறுவனத்துக்கு ஒருவர் என்னைக் கேட்டு அனுப்பினார். இன்னொருவர் என்னைக் கேட்காமலே அனுப்பியிருந்தார். யாருக்குப் பணம் கொடுப்பது என்ற தகராறு வரும் என்று ஹெச்ஆர் என் பெயரையே ஓரமாக வைத்துவிட்டது. நேர்காணல்கூட நடக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிய வந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் தற்செயலாக. அது மட்டுமில்லை, ஒரு கன்சல்டன்சி உங்களை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், ஒப்பந்தத்தில் சொன்ன காலம் முடியும்வரை, பெரும்பாலும் 6 மாதமோ ஒரு வருஷமோ, அங்கே நீங்கள் அவர்கள் கணக்கில்தான் இருப்பீர்கள். நீங்களே நேரடியாக விண்ணப்பித்தாலும் சிக்கல் வரலாம்.

இதைவிட மோசம், இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே ரெஸ்யூம் போய்விடுவது. ரெஸ்யூமைப் படிக்காமல் நூறு இடத்துக்கு அனுப்பினால் இது நடக்கும். கம்பெனிக் குழுமத்தின் பெயர் ஒன்றாகவும் கிளை நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருந்தால் படித்துவிட்டு அனுப்பினாலும் நடக்கும்.

இன்னொரு கைமாற்றம் வெளியே தெரியாது. பெரிய கன்சல்டன்சி தன் வேலையில் ஒரு பகுதியைச் சின்ன கன்சல்டன்சிகளுக்குக் கொடுக்கும். அது இன்னும் சின்னவர்களுக்குக் கொடுக்கும். நீங்கள் பேசியது ஒருவரிடம், ரெஸ்யூம் கடந்து போனது மூன்று இன்பாக்ஸ். ஊழியர் வேலை மாறும்போது தான் சேர்த்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. பிரிட்டனில் தரவுப் பாதுகாப்பைக் கவனிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் இப்படிப் பட்டியலோடு போனவர் மீது வழக்குத் தொடர்ந்து அபராதம் விதிக்கச் செய்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எங்களிடம் ‘பழைய டேட்டா’ ஆனதும் இந்த மாதிரி ஏதோ ஒரு பாதையில்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை வேறு. ஒரு காலியிடத்தை ஒரே கன்சல்டன்சியிடம் மட்டும் ஒப்படைப்பார்கள், சில சமயம் முன்பணமும் கொடுப்பார்கள். போட்டிக்கு ஆள் இல்லாததால் ஓட்டமும் இல்லை. இவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள், எந்த நிறுவனம் என்று சொல்வார்கள், ‘அனுப்பட்டுமா’ என்று கேட்டுவிட்டு அனுப்புவார்கள். பெயரையும் போன் எண்ணையும் மறைத்து, அனுபவத்தை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி முதலில் காட்டுவார்கள். நிறுவனம் நேராக உங்களைத் தொடர்பு கொண்டு தங்களுடைய பங்கு போய்விடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் உங்களுக்கும் அது பாதுகாப்பு. வேலையில் இருந்துகொண்டே சத்தமில்லாமல் தேடுபவருக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘இந்த இடத்துக்கு நீங்கள் மட்டும்தான் ஆள் தேடுகிறீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. நாங்கள் பதில் சொல்லிப் பழகியவர்கள்தான்.

கன்சல்டன்சிகளுக்கு இதில் கடமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்களுக்கென்று 181-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வேலை தேடுபவரைப் பற்றிய விவரம் அவருடைய தகுதி, தொழில் அனுபவம், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் என்ற அளவோடு நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. கூடவே வந்த 188-ஆம் பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதற்காக வாங்கினார்களோ அந்தத் தேவை இருக்கும் வரை, அல்லது பட்டியலில் இருக்க அந்த ஆள் விரும்பும் வரைதான் விவரத்தை வைத்திருக்கலாம். கேட்டால் நகல் கொடுக்க வேண்டும், தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். உடல்நலம் பற்றிய விவரத்தை, குறிப்பிட்ட வேலைக்கு நேரடியாகத் தேவைப்பட்டு, அந்த ஆளும் வெளிப்படையாகச் சம்மதித்தால் தவிர, கேட்கவே கூடாது. ‘அந்த ஆள் விரும்பும் வரை’ என்ற ஒரு வரியை எங்கள் ஆபீஸில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இது உடன்படிக்கை, ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும். பல்லுள்ள சட்டம் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 25 மே 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் விவரத்தை வேறு எங்கிருந்தோ எடுத்த கன்சல்டன்சி, எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் சேர்த்து, அதிகபட்சம் ஒரு மாதத்துக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்குள் இன்னொருவருக்குக் கொடுப்பதானால் கொடுக்கும் நேரத்திலாவது சொல்ல வேண்டும். போனில் அந்தப் பெண் கேட்டதற்கு அங்கே சட்டப்படி பதில் உண்டு. மீறினால் பெரிய குற்றங்களுக்கு 2 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம் வரை, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகும். மலேசியாவில் 2010, சிங்கப்பூரில் 2012, இலங்கையில் 2022, இந்தியாவில் 2023 என்று தனிச் சட்டங்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் வீச்சும் நடைமுறைக்கு வரும் வேகமும் வேறு வேறு.

ஜாப் போர்ட்டல்

ரெஸ்யூமை ஏற்றிவிட்டால் வேலை தேடி வரும் என்பது உண்மைதான். அந்தத் தளத்துக்குச் சந்தா கட்டியவர்கள் எல்லாரும் தேடலாம், பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். அதில் நிறுவனங்கள் இருக்கும், நான் சொன்ன முதல் வகைக் கன்சல்டன்சிகள் நிறைய இருக்கும்.

நாலு கேள்வியில் கடைசியில்தான் போர்ட்டல் தோற்கிறது. கணக்கை மூடினால் தளத்திலிருந்து ரெஸ்யூம் போய்விடும். அதற்குள் யார் யார் இறக்கிக்கொண்டார்களோ அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும். நாங்கள் வாரம் ஒருமுறை உட்கார்ந்து இறக்குவோம், ஷீட்டில் ஏற்றுவோம். ரெஸ்யூமுக்குச் சொந்தக்காரர் நாலு வருஷம் கழித்துக் கணக்கை மூடியிருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்?

‘என் நிறுவனத்துக்குக் காட்டாதே’ என்று ஒரு வசதி பல தளங்களில் இருக்கிறது. பயன்படுத்துங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். லிங்க்ட்இன் தளத்தில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. உங்கள் இப்போதைய நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள முயல்வதாகவும், முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்றும் லிங்க்ட்இன்னே சொல்கிறது. உங்கள் நிறுவனத்துக்கு ஆள் எடுத்துத் தரும் வெளி கன்சல்டன்சிக்காரர் அதைப் பார்த்துவிட்டு உங்கள் மேலாளரிடம் வாய்தவறிச் சொன்னால் எந்த வசதியாலும் தடுக்க முடியாது.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள்

இதற்கு ஒரு பத்தி போதும். குழுவில் போட்ட ரெஸ்யூமை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று போட்டவருக்கும் தெரியாது, குழு நடத்துபவருக்கும் தெரியாது. அழிக்கச் சொல்ல ஆளே இல்லை. பதிவுக் கட்டணம், கோப்புக் கட்டணம் என்று பணம் கேட்டால் உடனே விலகுங்கள். தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதே 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. பாஸ்போர்ட்டை அனுப்பச் சொன்னால் அதற்கு முன்பே விலகுங்கள். வேலை தெரிய வந்தால் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கே அந்த இடம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே விண்ணப்பிப்பது நல்லது.

அப்படியானால் யாருக்கு எது?

வேலையில் இருந்துகொண்டே தேடுபவருக்கு என் யோசனை: உங்கள் துறையை அறிந்த, தனியாக ஒப்படைக்கப்பட்ட இடங்களுக்கு ஆள் தேடும் ஒரே ஒரு கன்சல்டன்சி, அதோடு நீங்களே தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு நேரடி விண்ணப்பம். போர்ட்டல் வேண்டாம். வாய்ப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் கையில் இருக்கும் வேலைக்கு ஆபத்து வருவதைவிட அது தேவலை.

வேலை போனவருக்கும் அவசரம் உள்ளவருக்கும் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாடகை கட்ட வேண்டியவரிடம் போர்ட்டலைத் தொடாதே என்பது நியாயம் இல்லை. போர்ட்டலில் ஏற்றுங்கள், ஆனால் மெலிந்த ரெஸ்யூமை ஏற்றுங்கள்: பெயர், ஊர், வேலைக்கென்று திறந்த தனி மின்னஞ்சல், படிப்பு, அனுபவம். வீட்டு முகவரி, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை, புகைப்படம் வேண்டாம். இவை இல்லாததால் ரெஸ்யூமை ஒதுக்கியதாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. வேலை கிடைத்த அன்றைக்கே மூடிவிடுங்கள். முதல் வேலை தேடுபவர்களுக்கும் இதுவே, கூடவே நேரடி விண்ணப்பத்தை அதிகமாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியாக இருந்தாலும் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பாஸ்போர்ட், வங்கி விவரம் ஆகியவற்றை நேர்காணலுக்கு முன் கேட்டால் ‘ஆஃபர் வந்ததும் நிறுவனத்துக்கே தருகிறேன்’ என்று சொல்லுங்கள். ஆஃபருக்குப் பிறகு அவற்றுக்குத் தேவை இருக்கிறது, அதற்கு முன் அரிதாகத்தான். சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஆளைத் துல்லியமாக உறுதிசெய்தே தீர வேண்டும் என்றால் தவிர, தேசிய அடையாள எண்ணையோ அட்டை நகலையோ தனியார் நிறுவனங்கள் வாங்கவே கூடாது. எங்கள் பொது டிரைவில் ‘பாஸ்போர்ட் ஃபைனல் 2’ என்று பெயர் வைத்த கோப்புகள் டஜன் கணக்கில் கிடந்தன. யாருடையது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கன்சல்டன்சிக்கு ரெஸ்யூம் அனுப்பும்போது மின்னஞ்சலில் இந்த நாலு வரியைச் சேர்த்துவிடுங்கள்:

“என் ரெஸ்யூமை இந்த ஒரு காலியிடத்துக்காக மட்டும் அனுப்புகிறேன். எந்த நிறுவனத்துக்கு அனுப்புவதானாலும் அதன் பெயரைச் சொல்லி, என்னிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்பவும். வேறு கன்சல்டன்சிகளுக்குக் கொடுக்க வேண்டாம். 6 மாதத்தில் வேலை அமையாவிட்டால் என் விவரங்களை அழித்துவிட்டுத் தெரிவிக்கவும்.”

‘சரிங்க, அப்படியே செய்கிறோம்’ என்று எழுத்தில் பதில் போடுபவரோடு மேலே பேசலாம். போனில் மட்டும் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்பவரிடம் இன்னொரு தடவை எழுத்தில் கேளுங்கள். எங்கள் ஆபீஸில் இப்படி எழுதி வந்த ரெஸ்யூம்கள் மிகக் குறைவு. ஆனால் வந்தவற்றை மேலாளர் சிவப்பு நிறத்தில் குறித்துத் தனியாக வைக்கச் சொல்வார். யாரும் கேட்காமல் அனுப்ப மாட்டார்கள்.

வேலை கிடைத்துச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இன்னொரு மின்னஞ்சல் போடுங்கள். என் ரெஸ்யூம் இதுவரை எந்தெந்த நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது, உங்களிடம் இருக்கும் பிரதிகளை என்றைக்குள் அழிப்பீர்கள், ஊழியர்களின் தனி ஷீட்டுகளிலும் அழித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் திரும்ப வந்தது அங்கிருந்துதான்.